ஆறு மணிக்குப் பிறகு கேட்கும் ‘டக்’

அந்தப் பட்மின்டன் கொட்டகைக்கு வரைபடம் கீறியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வரப்போகிற பிழைகளில் பாதி என் மேசையில் பிறந்தவை.

இடம் திருகோணமலை நகர எல்லைக்குள், பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கை. காணி 20 பேர்ச். சொந்தக்காரர் என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், பாடசாலைக் காலத்தில் நன்றாகப் பட்மின்டன் ஆடியவர். இரண்டு ஆடுகளம் போட்டு மாலையில் வாடகைக்கு விடவேண்டும் என்று வந்தார். ஒரு பட்மின்டன் ஆடுகளம் 13.4 மீற்றர் நீளம், இரட்டையர் ஆட்டத்துக்கு 6.1 மீற்றர் அகலம். இரண்டைப் பக்கம் பக்கமாக வைத்து, நடுவிலும் சுற்றிவரவும் இரண்டு மீற்றர் விட்டால் 12, 13 பேர்ச் போய்விடும். மிச்சத்தில் மோட்டார்சைக்கிள் நிறுத்த இடம், ஒரு சின்ன அறை, கழிப்பறை. கணக்கு அழகாகப் பொருந்தியது. அந்த நாட்களில் நாங்கள் இருவரும் மாறி மாறிப் பேசிய ஒரே பிரச்சினை காற்று.

இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம் அளவில்தான். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான், அதாவது தென்மேல் காற்று, அடிக்கிற நாட்களில் திறந்த வெளியில் அதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யமுடியாது. சரி, நாலு பக்கமும் மூடலாம் என்றால் உள்ளே ஆள் வெந்துபோவார். ஆகவே மேற்கையும் தெற்கையும் கூரைவரை தகரத்தால் மூடினேன். கிழக்கிலும் வடக்கிலும் நாலடி மதில், அதற்கு மேல் வெறும் வலை. கச்சானுக்கு முதுகைக் காட்டியாயிற்று, காற்றோட்டமும் கிடைத்தது. கீறி முடித்த அன்று என்மேல் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மேற்கே இருந்தது தென்னங்காணி. வீடுகள் கிழக்கே இருந்தன. தகரக் கூரை, சீமெந்துத் தரை, இரண்டு பக்கம் தகரச் சுவர், எல்லாமே சத்தத்தைத் திருப்பி எறிகிறவை. எறிந்த சத்தம் வெளியே போக இருந்த பெரிய வாசல், நான் காற்றுக்காகத் திறந்துவிட்ட அந்தக் கிழக்குப் பக்கம். கோயில் கூரையில் புனல் ஒலிபெருக்கி கட்டுகிறவர்கூட எந்தத் திசைக்குத் திருப்புவது என்று ஒருமுறை யோசிப்பார். நான் யோசிக்கவில்லை.

முதல் வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம் ஐந்தரைக்கு ஆட்கள் வருவார்கள்: வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், வைத்தியசாலை ஆட்கள். ஒன்பதரைக்கு முடியும். பட்மின்டன் சத்தம் என்று பார்த்தால் அடியைவிடக் கத்தல்தான் கூட. ‘அவுட்’, ‘உள்ள’, ‘எண்ட மச்சான்!’ இவைதான். சப்பாத்து தரையில் கிறீச்சிடும். அயலவர்கள் முணுமுணுத்தார்கள், அவ்வளவுதான். மார்கழி வாடை மழை வந்தபோது தகரத்தில் விழுந்த இரைச்சலில் ஆடியவர்களுக்கே தங்கள் அடி கேட்கவில்லை.

அப்புறம் சொந்தக்காரரின் தமையன் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தார். பையில் நாலு மட்டை, ஒரு பெட்டி மஞ்சள் பந்து.

பிக்கிள்போல் 1965இல் அமெரிக்காவில், சியாட்டலுக்கு எதிரே உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் பிறந்தது. விடுமுறையில் அலுத்துப்போயிருந்த பிள்ளைகளுக்காக ஒரு பழைய பட்மின்டன் ஆடுகளத்தில், கையில் கிடைத்த மேசைப்பந்து மட்டையையும் ஓட்டை போட்ட பிளாஸ்ரிக் பந்தையும் வைத்துத் தொடங்கிய ஆட்டம். அதனால்தான் இன்றும் அதன் அளவு பட்மின்டன் இரட்டையர் ஆடுகளத்தின் அளவேதான். எங்கள் ஆளுக்குச் செலவே இல்லை. நிறப் பட்டியால் இரண்டு கோடு ஒட்டினார், வலையை நடுவில் 86 சென்ரிமீற்றருக்கு இறக்கினார், முடிந்தது. முழங்கால் நோவோடு பட்மின்டனை விட்டவர்கள் திரும்பி வந்தார்கள். ஐம்பது தாண்டிய அக்காமார் ஒரு குழுவாக வந்தார்கள். கிழமையில் இரண்டு நாள் என்று தொடங்கியது மூன்று மாதத்தில் ஐந்து நாள் ஆனது. நானும் ஆடினேன். நல்ல ஆட்டம், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

முறைப்பாடு முதலில் வட்ஸ்அப்பில் வந்தது, பிறகு மதிலுக்கு மேலால் நேரே வந்தது, பிறகு பொலிசின் 119க்குப் போனது.

மேல்மாடி ஜன்னல்

சொந்தக்காரர் என்னைக் கூப்பிட்டது சமாதானம் பேச. “அண்ணே, ரீச்சர் உங்கட கதையைக் கேப்பா. ஒருக்கா போய்ச் சொல்லுங்கோ, பத்து மணிக்கு முதல் முடிக்கிறம்தானே.” ரீச்சர் என்பது கிழக்கு மதிலுக்கு அடுத்த வீட்டுக்காரி, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை. மேல்மாடியில் உயர்தரம் படிக்கிற பேத்தி.

நான் போனபோது ரீச்சர் சண்டைக்கு நிற்கவில்லை. பிளேன்ரீ தந்தார், மேலே கூட்டிப்போனார், பேத்தியின் மேசைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, “அரை மணித்தியாலம் இருங்கோ தம்பி, ஒண்டும் கதைக்காதேங்கோ” என்றார். கையில் ஒரு புத்தகத்தையும் தந்தார். வாசிக்கச் சொன்னார்.

பத்து நிமிடம் தாண்டவில்லை, ஒரே வரியை நாலு தரம் வாசித்துக்கொண்டிருந்தேன். டக். டக். டக்-டக். பிறகு நின்றுவிடும். யாரோ பந்து பொறுக்கப் போயிருப்பார்கள். அந்த இடைவெளி தான் மோசம். காது அடுத்ததற்காகக் காத்திருக்கிறது, அது வருகிறபோது தோள் துடிக்கிறது.

“கோயில் திருவிழாவில மைக் போட்டாலும் நான் நித்திரை கொள்ளுவன் தம்பி,” என்றார் ரீச்சர். “அது ஒரே ஓட்டமாய்ப் போகுது, மனம் விட்டிடும். இது விடவிடாது.”

அவர் சொன்னதற்குப் பின்னால் பௌதிகம் இருக்கிறது. டென்னிஸ் பந்தில் கம்பளி உறை, மட்டையில் நரம்பு வலை. பந்து அதில் சற்று அமுங்கி இருந்து திரும்புகிறது, சத்தமும் தடிப்பாக, மொத்தையாக வருகிறது. பட்மின்டனில் தக்கைத் தலையும் நரம்பும். பிக்கிள்போலிலோ கடின பிளாஸ்ரிக் பந்து, விறைப்பான கார்பன் முகம் கொண்ட மட்டை, உள்ளே தேன்கூடு மாதிரிப் பிளாஸ்ரிக் அறைகள். மட்டையே ஒரு சின்ன மேளம். தொடுகை சில மில்லிசெக்கன்தான். சத்தம் சடுதியாக ஏறி, சடுதியாக விழுகிறது. அதன் வலு பெரும்பாலும் 1,000 ஹேட்ஸுக்குச் சற்று மேலே குவிகிறது. மனிதக் காது கூர்மையாக இருக்கிற பகுதிக்கு மிக அருகில் அது. அயலில் இருக்கிற மற்றச் சத்தங்கள், அதாவது கடல் இரைச்சல், மின்விசிறி, தூரத்து பஸ் எல்லாம் அதைவிடத் தாழ்ந்த சுருதி. ஒன்றும் இதை மூடி மறைப்பதில்லை.

ஒழுங்கைக் கடைசியில், ஏறக்குறைய நூறு மீற்றர் தள்ளி இருப்பவர்கள் வேறொரு கதை சொன்னார்கள்: சில நாள் வாசலில் நின்று அடிப்பதுபோல் கேட்கும், சில நாள் ஒன்றுமே இல்லை. சொந்தக்காரர் இதை வைத்து ‘பொய் சொல்லுகினம்’ என்றார். பொய் இல்லை. காற்று நிலத்துக்கு அருகில் மெதுவாகவும் மேலே வேகமாகவும் வீசும். அதனால் காற்றோடு போகிற சத்தம் நிலத்தை நோக்கி வளைகிறது, காற்றை எதிர்த்துப் போவது மேலே வளைந்து தலைக்கு மேலால் போய்விடுகிறது. கச்சான் நாளில் கிழக்கே இருப்பவர்களுக்குக் கேட்கும், கடற்காற்று நாளில் கேட்காது. ரீச்சர் வீடு மாதிரி மிகக் கிட்டத்தில் இது பெரிய வித்தியாசம் செய்யாது. தூரத்தில் செய்யும்.

பத்து மணி எங்கிருந்து வந்தது?

“பத்து மணிக்கு முதல் முடிக்கிறம்தானே” என்ற வாக்கியத்தை எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வார்கள். அது ஒலிபெருக்கிக் கணக்கு. 2007இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக்கூடாது என்ற நிலைப்பாட்டை எடுத்தது. அதிலிருந்து பத்து மணி என்பது மக்கள் மனதில் இரவின் கதவாகிவிட்டது.

ஆனால் ஒரு காணியிலிருந்து வெளியே போகிற பொதுவான சத்தத்துக்கு வேறு விதி இருக்கிறது. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் 1996இல் வந்த இரைச்சல் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள். அதில் பகல் என்பது காலை 6 முதல் மாலை 6 வரை. 6 மணி அடித்தால் இரவு. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் பகலில் 63 டெசிபல், இரவில் 50. பிரதேச சபைப் பகுதியில் 55, 45. பாடசாலை, வைத்தியசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் அமைதி வலயம்: 50, 45. திருகோணமலை நகரத்தில் ஏதோ ஒரு பாடசாலையிலிருந்து 100 மீற்றருக்குள் வராத காணி தேடுவதே ஒரு வேலை. அளப்பது சத்தம் பிறக்கும் காணியின் எல்லையில். ரீச்சர் வீட்டு ஜன்னலில் இல்லை.

இப்போது எங்கள் ஊர் வெயிலை நினைத்துப் பாருங்கள். பின்னேரம் மூன்று மணிக்குத் தகரத்தின் கீழ் யாரும் ஆடமாட்டார்கள். வேலை முடிந்து, குளித்து, ஆறு மணிக்குத்தான் மட்டையைத் தூக்குகிறார்கள். சட்டம் 13 டெசிபலைப் பிடுங்கிக்கொள்கிற அதே நிமிடத்தில் எங்கள் ஆட்டம் தொடங்குகிறது. வரைபடம் கீறும்போது இந்த ஒரு வரி எனக்குத் தெரிந்திருந்தால் கிழக்குப் பக்கத்தை அப்படித் திறந்துவிட்டிருக்கமாட்டேன்.

இதில் இன்னொரு சிக்கல், விதி கேட்பது சராசரி. ஒரு குறித்த நேரத்தில் வந்த மொத்தச் சக்தியைச் சமனாகப் பரப்பிக் கணக்கிடும் அளவு. உதாரணமாக எல்லையில் ஒவ்வோர் அடியும் 70 டெசிபலில் பத்தில் ஒரு செக்கன் கேட்கிறது என்று வைப்போம். இரண்டு செக்கனுக்கு ஓர் அடி, இடையில் நிசப்தம். சத்தம் இருக்கும் நேரம் இருபதில் ஒரு பங்கு. இருபதில் ஒரு பங்கு என்றால் டெசிபல் கணக்கில் 13 கழியும். சராசரி 57. அதே ஆட்டம், அதே ஆட்கள்: ஐந்தே முக்காலுக்கு 63க்குள் நிற்கிறார்கள், ஆறே காலுக்கு 50ஐத் தாண்டி நிற்கிறார்கள். இரண்டு ஆடுகளத்திலும் ஆடினால் 60. ஒன்றை நிறுத்தினால் மூன்று டெசிபல்தான் குறையும், காதுக்கு அது மட்டுமட்டாகத்தான் தெரியும். ரீச்சரிடம் இந்தக் கணக்கைக் கடதாசியில் போட்டுக் காட்டினேன். கணித ஆசிரியை அல்லவா, மடக்கையில் ஒரு பிழை பிடித்துத் திருத்தித் தந்தார்.

இந்தச் சராசரி ரீச்சரின் தொந்தரவை அளக்கவில்லை. 57 டெசிபலில் ஒரே சீராக ஓடுகிற மின்விசிறியும் அதே 57தான், அதன் கீழே குழந்தை நித்திரை கொள்ளும். சர்வதேச தர நிறுவனத்தின் ISO 1996 என்ற தரநியமம் (இது ஆண்டு அல்ல, இலக்கம்) இதைக் கணக்கில் எடுக்கிறது: சாதாரண மோதல் சத்தத்துக்கு 5 டெசிபலும், இரும்பில் சுத்தியல் அடிப்பது போன்ற கடும் மோதலுக்கு 12 டெசிபலும் கூட்டிப் பார்க்கச் சொல்கிறது. பிக்கிள்போலை எந்த வகுப்பில் போடுவது என்று வாதாடலாம். எந்த வகுப்பில் போட்டாலும் ஆறு மணிக்குப் பிறகு எங்கள் கொட்டகை தப்பாது.

என் போனில் ஒலி அளவிச் செயலி போட்டு அளந்தேன். அது காட்டிய எண்ணை இங்கே எழுதப்போவதில்லை. போனின் ஒலிவாங்கி மனிதப் பேச்சுக்காகச் செய்தது, தரப்படுத்தாதது, நீதிமன்றத்துக்கு உதவாது. ஆனால் ஒரே போன், ஒரே ஜன்னல், ஒரே இடம் என்று வைத்துக்கொண்டால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தை ஓரளவு நம்பலாம். அதைத்தான் பயன்படுத்தினேன்.

செய்தவை, வீணாய்ப் போனவை

முதல் யோசனை எல்லோருக்கும் வருகிற யோசனை: மரம் நடு. சொந்தக்காரர் வேம்பும் மூங்கிலும் வாங்கி வந்துவிட்டார். பல பத்து மீற்றர் அகலத்துக்கு அடர்ந்த காடு இருந்தால் மரம் சத்தத்தைக் குறைக்கும். மதில் ஓரம் ஒரு வரிசை மூங்கில் கண்ணைத்தான் மறைக்கும். அடுத்தது கிடுகு. வேலைக்காரர்கள் ஒரு நாளில் கட்டிவிட்டார்கள், பார்க்க வடிவாக இருந்தது. போன் முள் அசையவே இல்லை. சத்தத்தைத் தடுக்கிற தட்டிக்குப் பாரம் வேண்டும், சதுர மீற்றருக்குப் பத்துக் கிலோவாவது வேண்டும், இடையில் துவாரம் இருக்கக்கூடாது. கிடுகில் இரண்டுமே இல்லை.

மதிலை நாலடியிலிருந்து எட்டடிக்கு உயர்த்தலாம் என்றார்கள். சீமெந்துக் கல் மதிலுக்குப் பாரம் தாராளம். கீழ் வீட்டில் இருப்பவருக்கு நன்றாக வேலை செய்யும். ஆனால் ரீச்சர் வீட்டு மேல்மாடி ஜன்னலில் நின்றால் ஆடுகிறவர்களின் முழங்கால் வரை தெரிகிறது. எட்டடி மதில் கட்டினாலும் இடுப்புக்கு மேலே தெரியும், மட்டை அங்கேதான் இருக்கிறது. ஒலித் தடுப்பு வேலை செய்ய, சத்தம் பிறக்கும் இடத்துக்கும் காதுக்கும் இடையிலான நேர்கோட்டை அது வெட்டவேண்டும். மட்டுமட்டாக வெட்டினால் ஐந்து டெசிபல் குறையும். நன்றாக மேலே போனால் பத்து, அபூர்வமாகப் பதினைந்து. இதில் ஓர் அதிர்ஷ்டம், ‘டக்’கின் அலைநீளம் 30 சென்ரிமீற்றர் அளவுதான். குட்டை அலை தடுப்பின் விளிம்பில் அவ்வளவாக வளைந்து இறங்காது. கோயில் மேளத்தைத் தடுப்பதைவிட இதைத் தடுப்பது சுலபம்.

கடைசியில் கிழக்குப் பக்க வலைக்கு வெளியே, இரண்டடி தள்ளி, தனித் தூண்களில் ஒரு திரைச்சுவர் எழுப்பினோம். 12 மில்லிமீற்றர் சீமெந்து நார்ப்பலகை. நாலடி மதிலின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொடங்கி ஐந்து மீற்றர் உயரம் வரை. மதிலும் பலகையும் ஒன்றையொன்று மேவி நிற்பதால் கீழாலும் மேலாலும் காற்று வளைந்து உள்ளே போகும், சத்தத்துக்கு நேர்வழி கிடையாது. மார்கழியில் வாடை அடிக்கிற பக்கம் என்பதால் தூண்களைத் தடிப்பாக்க வேண்டி வந்தது. செலவு எகிறியது அதில்தான். என் பிழைக்கு ஈடாக இந்தத் தடவை வரைபடக் கூலி வாங்கவில்லை. சொந்தக்காரர் அதைக் கேட்டுச் சந்தோசப்பட்டதாகத் தெரியவில்லை, நியாயம்தான் என்று நினைத்திருப்பார்.

பலகையை வெறுமையாக விட்டால் அது சத்தத்தைத் திருப்பி உள்ளே எறியும், அது கூரையில் பட்டு மேலாலே வெளியே போகும். உள்முகத்துக்கு ஏதாவது உறிஞ்சி வேண்டும். கடைகளில் கிடைக்கிற கனிமப் பஞ்சு உப்புக்காற்றிலும் ஈரத்திலும் எத்தனை நாள் நிற்கும் என்ற பயம். தும்பு மெத்தை செய்கிற ஒருவரிடம் இரண்டங்குலத் தடிப்பில் உறையில்லாத தும்புத் தகடுகள் வாங்கி, கோழிக்கூட்டு வலை போட்டுப் பிடித்தோம். மேல் சுருதிச் சத்தத்தைத் தும்பு நன்றாகவே விழுங்குகிறது. ஒரு பயம் இருக்கிறது, தும்பு பற்றி எரியும். மின்விளக்குகளையும் வயரையும் அந்தப் பக்கத்திலிருந்து அகற்றிய பிறகுதான் தட்டி ஏறியது. இதை யாராவது பார்த்துச் செய்தால் அந்த வேலையைத் தவறவிடவேண்டாம்.

பிக்கிள்போலைக் கிழக்கு ஆடுகளத்திலிருந்து மேற்கு ஆடுகளத்துக்கு மாற்றினோம். ஜன்னலிலிருந்து 14 மீற்றராக இருந்தது 22 ஆனது. திறந்தவெளிக் கணக்குப்படி நாலு டெசிபல். தகரக் கூரையின் கீழ் அவ்வளவு கிடைக்கவில்லை, ஆனாலும் ஒரு சதமும் செலவில்லை. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

மட்டை விஷயத்தில் அரை வெற்றி. அமெரிக்கப் பிக்கிள்போல் சங்கம் 2023இல் சத்தம் குறைந்த உபகரணங்களுக்கென்று ஒரு தனி வகுப்பே தொடங்கியது. கனடாத் தமையன் அப்படி இரண்டு மட்டை அனுப்பினார். அக்காமார் குழு ஏற்றுக்கொண்டது. இளைஞர்கள் ‘அடி விழுந்த மாதிரியே இல்ல’ என்று திருப்பித் தந்துவிட்டார்கள். பஞ்சுப் பந்தை ஒருவரும் விரும்பவில்லை, துள்ளல் வேறாக இருக்கிறது. நானும் விரும்பவில்லை.

இத்தனைக்கும் பிறகு ஜன்னலில் போன் காட்டிய உச்சங்கள் முன்பிருந்ததைவிட ஒன்பது, பத்து டெசிபல் குறைந்து நின்றன. பத்து டெசிபல் என்றால் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியான மாதிரி. ரீச்சரிடம் கேட்டேன். “குறைஞ்சிருக்கு. ஆனா இருக்கு,” என்றார்.

நேரத்தை நகர்த்தியபோது நடந்தது

ஆகவே மணிக்கூட்டில் கை வைக்கவேண்டி வந்தது. பொலிசுக்குப் போன முறைப்பாடு அப்படியே நீதவான் நீதிமன்றம்வரை போயிருந்தால், 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 98ஆம் பிரிவின் கீழ் பொதுத் தொல்லை என்று கட்டளை வந்திருக்கலாம். அப்படி வந்தால் ஆடுகளமே மூடப்படக்கூடும். இது சொந்தக்காரருக்கும் தெரியும், ரீச்சருக்கும் தெரியும். இரண்டு பேருமே அந்தத் தூரம் போக விரும்பவில்லை. ரீச்சர் வீட்டு விறாந்தையில் ஒரு ஞாயிறு பின்னேரம் ஆறு பேர் இருந்து பேசினோம். பழைய மாணவர் ஒருவர் அந்த ஆறில் இருந்தார், அவர் கொட்டகையில் கிழமைக்கு மூன்று நாள் ஆடுகிறவர். ரீச்சர் முன்னால் அவர் வாயே திறக்கவில்லை.

முடிவு இப்படி: பிக்கிள்போல் பின்னேரம் ஏழு மணியோடு சரி. பட்மின்டன் ஒன்பது வரை, கத்தல் குறைய. பேத்தியின் பரீட்சைக்கு முந்திய மூன்று மாதம் ஆறு மணிக்குப் பிறகு பிக்கிள்போல் அறவே இல்லை. போன வருமானத்துக்கு ஈடாகக் காலை ஆறரை முதல் எட்டரை வரை ஒரு புது நேரம். சட்டப்படி அது பகல், வெயில் ஏறாது, ஓய்வுபெற்றவர்கள் எப்படியும் ஐந்து மணிக்கு எழும்பிவிடுவார்கள். எல்லோருக்கும் திருப்தி.

இரண்டாவது கிழமை வடக்கு வீட்டுக்காரி வந்து நின்றார். தாதி உத்தியோகத்தர். இரவு வேலை முடித்து ஏழரைக்கு வந்து படுப்பவர். இவ்வளவு நாளும் ஒரு முறைப்பாடும் செய்யாதவர், ஏனென்றால் மாலை ஆட்டம் நடக்கிறபோது அவர் வேலையில் இருப்பார் அல்லது விழித்திருப்பார். நாங்கள் ரீச்சரின் இரவைக் காப்பாற்ற எடுத்த சத்தத்தைக் கொண்டுபோய் இவரின் இரவுக்குள் போட்டிருந்தோம். விறாந்தைக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடவேண்டும் என்று ஆறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வடக்குப் பக்கமும் நான் வலையோடு விட்ட பக்கம்தான்.

இதற்குக் கண்ட வழி எந்தப் புத்தகத்திலும் இருக்காது. மாதத் தொடக்கத்தில் அவர் தன் இரவு வேலை நாட்களைக் குரல் செய்தியாக அனுப்புவார். சொந்தக்காரர் அதைக் கொட்டகை வாசலில் இருக்கிற கரும்பலகையில் எழுதுவார். அடுத்த நாள் காலை ஆட்டம் இல்லை. ஆட வருகிறவர்கள் பலகையைப் பார்த்து வரப் பழகிவிட்டார்கள். வடக்குப் பக்கத்துக்கும் பலகைச் சுவர் போடுவதாக இருக்கிறது, காசு சேர்ந்ததும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் அளந்தபோது என்னைச் சிரிக்க வைத்தது அதுதான். இரவு ஒன்பதுக்குப் பிறகு ஜன்னலில் பதிந்த மிகப் பெரிய சத்தம் ஆட்டத்தினுடையது இல்லை. ஆடி முடித்தவர்கள் மோட்டார்சைக்கிளில் ஏறி இருந்து, ஒழுங்கையில், ரீச்சர் வீட்டு கேற்றுக்கு நேரே, எந்த அடி உள்ளே எந்த அடி வெளியே என்று அரை மணித்தியாலம் கதைப்பது. மேற்குப் பக்கம் தகரச் சுவரடியில் ஒரு வாங்கு போட்டு, பிளேன்ரீக் கேத்திலையும் வைத்தார் சொந்தக்காரர். கதை அங்கே போய்விட்டது. இந்த ஆய்வில் மிக மலிவான ஒலித்தடுப்பு அந்த வாங்கு.

இன்றைய நிலை: 119 அழைப்பு பிறகு வரவில்லை. பேத்தி பரீட்சை எழுதிவிட்டாள். ஏழு மணி எல்லை பரீட்சைக்குப் பிறகும் தொடர்கிறது. ஒழுங்கைக் கடைசி வீட்டுக்காரர் ஒருவர் இன்றும் சொந்தக்காரரோடு கதைப்பதில்லை. அவருக்குக் கோபம் சத்தத்திலா காணி எல்லையிலா என்று யாருக்கும் தெளிவில்லை. சொந்தக்காரர் கணக்குப் பார்த்தால் மாலை நேரத்தில் இழந்ததை முழுதாகக் காலை திருப்பித் தரவில்லை. அதை அவர் என்னிடம் மாதம் ஒருமுறை சொல்வார்.

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் சென்ரேனியல் என்றொரு நகரம், வீட்டுக் காணிகளிலிருந்து 250 அடிக்குள் புதிய திறந்தவெளிப் பிக்கிள்போல் ஆடுகளம் கூடாது என்று விதி போட்டது. எங்கள் நகரத்தில் அந்த விதியைப் போட்டால் ஆடுகளத்தைத் துறைமுகத் தண்ணீரில்தான் மிதக்கவிடவேண்டும். நாங்கள் மதிலோடு மதிலாக வாழ்கிறவர்கள், தூரம் எங்களுக்குக் கிடைக்காத மருந்து.

போன மாதம் இன்னொருவர் வந்தார். உப்புவெளிப் பக்கம் காணி, சுற்றுலாப் பயணிகளைப் பார்த்துப் பெடல் (padel) என்ற, டென்னிஸ் மாதிரியான ஆட்டத்துக்கு ஆடுகளம் போட ஆசை. பெடல் 20 மீற்றர் நீளம், 10 மீற்றர் அகலம், சுற்றிவரக் கண்ணாடியும் கம்பிவலையும். பந்து கண்ணாடியில் மோதித் திரும்புவதே ஆட்டத்தின் அங்கம். கூரை வேண்டாம், செலவு கூட என்றார். அங்கே பிரதேச சபை எல்லை, ஆகவே 55, 45 என்றேன். “அண்ணே, சுத்திவர எல்லாம் தட்டை வீடுதான், ஒரு மதில் போட்டாக் காணும்,” என்றார்.

காணியைப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது சரி, மேல்மாடி ஒன்றும் இல்லை. ஆனால் கிழக்கே இருந்த மூன்று வீட்டின் தூண்களிலும் நாலு நாலு கம்பி தட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டு நின்றது. ஒன்றில் மழை இறங்காமல் பிளாஸ்ரிக் போத்தல் கவிழ்த்திருந்தார்கள். வரைபடத்தில் அந்த வீடுகளை இரண்டு மாடியாகக் கீறிக்கொண்டு வேலையைத் தொடங்கியிருக்கிறேன்.